லீ ஸ்போர்ட்ஸ் வில்லேஜ்: கோல்கீப்பரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மான்செஸ்டர் யுனைடெட் பெண்கள் அணி ஆட்டத்துக்குப் போகலாமா, போனால் எங்கே உட்காருவது, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோல் மழை, கொண்டாட்டம், செல்ஃபி இவற்றுக்காகப் போகிறவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாகப் பயன்படாது. நான் அங்கே போவது ஒருவரைப் பார்க்கத்தான்: அமெரிக்காவில் இருந்து வந்து யுனைடெட்டின் கோலைக் காக்கும் ஃபேலன் டலிஸ்-ஜாய்ஸ். என் மகள் அவள் வயதுப் பிள்ளைகளின் அணியில் கோல்கீப்பர். பந்து தன் பக்கம் வராத நேரத்தில் என்ன செய்வது என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். டிவியில் அதற்குப் பதில் கிடைக்காது. கேமரா எப்போதும் பந்தின் பின்னால்தான் ஓடும்.

ஆட்டம் நடப்பது மான்செஸ்டர் நகரத்தில் இல்லை, மேற்கே லீ என்ற ஊரில் உள்ள லீ ஸ்போர்ட்ஸ் வில்லேஜ் மைதானத்தில். ஒரு காலத்தில் பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்த ஊர். ரக்பி லீக் இங்கே உயிர். லீ லெப்பர்ட்ஸ் ரக்பி அணிக்கும் இதுதான் சொந்த மைதானம். ஏறத்தாழ 12,000 பேர் கொள்ளும். 2022 பெண்கள் யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஆட்டங்கள் சில இங்கே நடந்தன, அதில் ஒரு காலிறுதியும் உண்டு. இவ்வளவு இருந்தும் ஊருக்கு ரயில் கிடையாது. 1969-இல் ரயில் நிலையத்தை மூடினார்கள், அதன் பிறகு திறக்கவே இல்லை. வெளியூரில் இருந்து வருபவர்கள் மான்செஸ்டர் பிக்காடில்லியில் இறங்கி, லீக்கு எந்த ரயில் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வி1 பேருந்தைப் பிடியுங்கள். மான்செஸ்டர் வட்டாரப் பொதுப் போக்குவரத்தான பீ நெட்வொர்க்கின் மஞ்சள் வண்டி. 2025-இல் பெரியவர்களுக்கு ஒரு வழிக்கு 2 பவுண்டு, பிள்ளைகளுக்கு 1 பவுண்டு வாங்கினார்கள். சால்ஃபோர்டைத் தாண்டி எலன்புரூக் வந்ததும் வண்டி பழைய ரயில் தடத்தில் போட்ட தனிப்பாதையில் ஏறிவிடும். இருபுறமும் கான்கிரீட் விளிம்பு, நடுவில் பேருந்து, அந்தப் பாதையில் கார் எதுவும் ஓடாது. என் மகளுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வண்டி தானாக வளைவதைப் பார்க்க முன்வரிசை இருக்கையைப் பிடித்துக்கொள்வாள். நகர மையத்தில் இருந்து ஏறினால் ஒரு மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லீ பேருந்து நிலையத்தில் இருந்து மைதானம் நடக்கிற தூரம்தான். கொடிகளோடு போகிறவர்களின் பின்னால் நடந்தால் வழி கேட்கவே வேண்டியதில்லை.

2025-26 பருவத்தில் இருந்து பெரும்பாலான ஆட்டங்கள் ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு வைக்கப்படுகின்றன. தொலைக்காட்சி ஒப்பந்தம் அப்படி. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல நேரம், மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். நான் சொல்லப்போகும் முக்கியமான விஷயத்துக்கு அதைவிடவும் சீக்கிரம்.

வாசல் திறந்த உடனேயே உள்ளே போய்விடுங்கள். இந்த விமர்சனத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே கீப்பர்கள் பயிற்சிக்கு இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் இருக்கைகள் காலியாக இருக்கும், கூட்டம் டீக்கும் சிப்ஸுக்கும் வரிசையில் நிற்கும். கோலுக்குப் பின்னால் முன்வரிசையில் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

முதலில் கைக்கு நேராக வரும் எளிய பந்துகள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று காலால் மெதுவாகத் தூக்கிவிடுவார், பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டு போலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் கட்டைவிரல்கள் இரண்டும் பந்துக்குப் பின்னால் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வருவதும், பந்து வந்து சேரும்போது முழங்கை உள்ளே மடிந்து வேகத்தை வாங்கிக்கொள்வதும் தெரியும். சத்தத்தையும் கவனியுங்கள். பந்து கையுறையில் சரியாக உட்கார்ந்தால் ஒரு சத்தம், விரல் நுனியில் பட்டால் வேறு சத்தம். பிறகு தரையோடு வரும் பந்துகள், அப்புறம் பக்கவாட்டில் இருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும் கிராஸ்கள். நடுநடுவே கையுறையின் உள்ளங்கையை நனைத்துக்கொள்வார்கள். அந்த லாடெக்ஸ் நுரை கொஞ்சம் ஈரமாக இருந்தால்தான் பந்தை நன்றாகப் பற்றும், காய்ந்துபோனால் வழுக்கும். வீட்டில் கையுறையை ரேடியேட்டர் மேல் காயப்போடும் பெற்றோர்கள் கவனிக்க.

டலிஸ்-ஜாய்ஸ் ஆறடிக்கு மேல் உயரம். கிராஸுக்கு எழும்பும்போது ஒரு முழங்காலை முன்னால் உயர்த்தித்தான் எழும்புகிறார். மோத வருகிறவர்களிடம் இருந்து உடம்புக்கு அது காப்பு, மேலே போகவும் உந்துதல். எல்லாக் கீப்பர்களுக்கும் கற்றுக்கொடுக்கும் பாடம்தான். ஆனால் பத்தடி தூரத்தில் இருந்து பார்க்கும்போது என் மகளுக்கு உறைத்த அளவு, அவள் பயிற்சியாளர் எத்தனையோ முறை சொல்லியும் உறைக்கவில்லை.

எங்கே உட்காருவது? முதல் தடவை போகிறவர்கள் கோலுக்குப் பின்னால் உட்காருங்கள். இதில் ஒரு குறை உண்டு: இடைவேளையில் அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும், ஆகவே உங்கள் கீப்பர் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு பாதிதான். எந்தப் பாதி என்பது டாஸில் வென்றவர் கையில். மற்ற பாதியில் எதிரணிக் கீப்பரைப் பார்க்கலாம், அதிலும் கற்க நிறைய உண்டு. மறுமுறை போகும்போது பக்கவாட்டு ஸ்டாண்டில், பெனால்டி பாக்ஸின் கோட்டுக்கு நேராக இருக்கை எடுங்கள். அங்கிருந்துதான் கீப்பர் எவ்வளவு தூரம் முன்னே வந்து நிற்கிறார் என்பது தெரியும். நான் இப்போது அதைத்தான் விரும்புகிறேன்.

யுனைடெட் எதிரணியின் பாதியில் தாக்கிக்கொண்டிருக்கும்போது டலிஸ்-ஜாய்ஸ் கோல்கோட்டில் நிற்பதில்லை. பாக்ஸைத் தாண்டி வெகுதூரம் முன்னே வந்துவிடுகிறார். பந்து இடப்பக்கம் போனால் இரண்டடி இடப்பக்கம், வலப்பக்கம் போனால் இரண்டடி வலப்பக்கம், பின்னால் வந்தால் நான்கடி பின்னால். தொண்ணூறு நிமிடமும் இந்த நடை நிற்பதே இல்லை. ஸ்கோர்போர்டில் இதற்கு ஒரு எண்ணும் கிடையாது. என் மகள் தேடிய பதில் இதுதான். கீப்பர் சும்மா நிற்கும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அடுத்தது குரல். யுனைடெட் ஆண்கள் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மாதிரி பெரிய அரங்கில் இது காதில் விழாது. லீயில் கூட்டம் சில ஆயிரங்கள்தான் என்பதால், பாட்டு ஓய்ந்த இடைவெளிகளில் கீப்பர் கத்துவது தெளிவாகக் கேட்கும். "அவே!" என்றால் பந்தை அடித்து வெளியேற்று. "கீப்பர்ஸ்!" என்றால் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். "டைம்!" என்றால் உன் பக்கத்தில் யாரும் இல்லை, நிதானமாகத் திரும்பு. ஒரு கார்னரின் போது எதிரணிப் பெண் ஒருத்தி கீப்பரின் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்று இடித்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் இது வாடிக்கை. கீப்பரைக் கூட்டத்துக்குள் சிக்கவைத்துவிட்டுப் பந்தை உள்ளே போடுவார்கள். என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவங்க பந்தைப் பாக்கவே இல்ல. அந்தப் பொண்ணோட காலைத்தான் பாக்கறாங்க."

உண்மைதான். பந்து கிளம்பும்வரை யார் எங்கே நகர்கிறார்கள் என்று கீழே பார்த்துக்கொண்டே ஓரடி பின்வாங்கி, தனக்கு ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டார். பந்து வந்தபோது அந்த வழியாக எழும்பி, குத்தாமல், இரண்டு கைகளாலும் பிடித்தார். பிடித்ததும் ரெஃபரியைப் பாருங்கள். 2025 கோடையில் இருந்து விதி மாறியிருக்கிறது. கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடிகளை ரெஃபரி கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக்காட்டுவார். முன்பெல்லாம் பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டு நேரம் கடத்துவார்கள், இப்போது அது நடக்காது. பிடித்த கையோடு எழுந்து, எங்கே எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். இந்த எறிதலில் டலிஸ்-ஜாய்ஸ் கைதேர்ந்தவர் என்பது என் கருத்து. அமெரிக்கப் பிள்ளைகள் கூடைப்பந்து, பேஸ்பால் என்று கையால் ஆடும் விளையாட்டுகளோடு வளர்வதால்தான் அங்கிருந்து நல்ல கீப்பர்கள் வருகிறார்கள் என்று பலகாலமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கை அங்கே பழகியிருக்கலாம். கிராஸுக்கு எப்போது வெளியே வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்ற கணக்கு இந்த லீக்குகளில் அடிபட்டு இடிபட்டுத்தான் வரும்.

அவர் இங்கே வந்த வழியைத் தெரிந்துகொண்டு போனால் ஆட்டம் இன்னும் நன்றாகப் புரியும். லாங் ஐலண்டில் வளர்ந்தவர், மயாமி பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் உயிரியல் படித்துக்கொண்டே கால்பந்து ஆடியவர். 2019-இல் பிரான்சின் ரெயின்ஸ் நகரத்து அணிக்குப் போனார். அதே ஆண்டு ஜூன் மாதம் அதே ரெயின்ஸில்தான் உலகக் கோப்பையில் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என்று வென்றது. அன்று அமெரிக்கக் கோலில் நின்றவர் அலிஸா நேயர். தேசிய அணி உலகக் கோப்பை ஆடிய ஊருக்கு, அப்போதுதான் முதல் பிரிவுக்கு ஏறி வந்திருந்த ஒரு சிறிய அணிக்காகப் பெயர் தெரியாத ஒரு பெண் போய்ச் சேர்கிறார். பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களை நிறுத்துவது கீப்பரின் குரல். அந்தக் குரலை வேறு மொழி பேசும் ஊரில் புதிதாக உண்டாக்கிக்கொள்வது சின்ன வேலை இல்லை. 2021-இல் அமெரிக்காவுக்குத் திரும்பி ஓஎல் ரெயின் அணியில் சேர்ந்து, பிறகு அதன் முதல் கீப்பரானார். 2022-இல் அந்த அணி அமெரிக்கப் பெண்கள் லீக் அட்டவணையில் முதலிடம் பிடித்து, அதற்கான ஷீல்டு விருதை வாங்கியது.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2023 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். அப்போது இங்கே கோலில் இருந்தவர் இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸ். அந்த ஆண்டு உலகக் கோப்பையின் சிறந்த கீப்பர் விருதை வாங்கிய கையோடு இருந்தவர். அங்கே வருவதென்றால் பெஞ்சில் உட்காருவதற்குச் சம்மதித்து வருவதாகத்தான் அர்த்தம். ஸ்ட்ரைக்கராக இருந்தால் கடைசி இருபது நிமிடம் இறங்கி ஒரு கோல் அடித்துக் காட்டலாம். கீப்பருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. இடம் ஒன்றே ஒன்று, அதில் இருப்பவர் விலகினால்தான் உண்டு. லீக் ஆட்டங்களை ஒரு பருவம் முழுக்க ஓரத்தில் இருந்து பார்த்தார். 2024 மே மாதம் லண்டன் வெம்ப்ளி அரங்கில் யுனைடெட் இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையை வென்றபோதும் கோலில் எர்ப்ஸ்தான்.

எர்ப்ஸ் அந்தக் கோடையில் பாரிஸுக்குப் போனார். 2024-25 பருவத்தில் டலிஸ்-ஜாய்ஸ் லீக்கில் 13 ஆட்டங்களில் கோலே விடவில்லை. அந்தப் பருவத்தில் லீக்கில் ஓர் அணிக்கு மொத்தமே 22 ஆட்டங்கள். அதிக ஆட்டங்களில் கோல் விடாத கீப்பருக்கான கோல்டன் குளவ் விருதைச் செல்சியின் ஹானா ஹாம்ப்டனோடு பகிர்ந்துகொண்டார், யுனைடெட் மூன்றாம் இடத்தில் முடித்தது. 2024 இறுதியில் நேயர் தேசிய அணியில் இருந்து ஓய்வுபெற, 2025 ஏப்ரலில் பிரேசிலுக்கு எதிராக டலிஸ்-ஜாய்ஸ் அமெரிக்காவுக்காக முதல்முறை இறங்கினார். 28 வயதில். கீப்பருக்கு அது தாமதம் இல்லை என்றாலும், ஊரை விட்டுப் போய் ஆடுகிறவரைத் தேசியத் தேர்வாளர்கள் திரும்பிப் பார்க்க எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு இது சாட்சி. அந்தப் பருவம் எஃப்ஏ கோப்பை இறுதியில் செல்சியிடம் 3-0 என்று தோற்றதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளிடம் வெற்றியை மட்டும் சொல்லிப் பழக்கக் கூடாது.

இவருக்கு முன்னாலும் அமெரிக்கக் கீப்பர்கள் வெளிநாடு போயிருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு வழியில்லாமல். ஹோப் சோலோ 2004-இல் ஸ்வீடனுக்குப் போனது, அமெரிக்காவின் பெண்கள் லீக் முந்தைய ஆண்டு இழுத்து மூடப்பட்டதால். ஆண்களில் கேசி கெல்லர் 1992-இல் லண்டனின் மில்வால் அணிக்கு வந்தபோது எம்எல்எஸ் என்ற அமெரிக்க ஆண்கள் லீக்கே பிறக்கவில்லை. பிராட் ஃபிரீடல் வேலை அனுமதி கிடைக்காமல் டென்மார்க், துருக்கி என்று சுற்றிவிட்டு 1997 கடைசியில்தான் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் பிறகு பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் ஆடினார், ஒன்றைக்கூட விடாமல். டிம் ஹோவர்டு யுனைடெட்டில் இடம் இழந்து எவர்ட்டனுக்குப் போய், அங்கே பத்துப் பருவங்கள் நின்றார். டலிஸ்-ஜாய்ஸ் விஷயம் வேறு. சொந்த நாட்டு லீக் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது, அதில் முதல் கீப்பராக இருந்துகொண்டே, எழுந்து வந்து இங்கே இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அதனால்தான் இவர் ஆட்டத்தை நான் இவ்வளவு அக்கறையோடு பார்க்கிறேன்.

இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் சஃபியா மிடில்டன்-பட்டேல், வேல்ஸ் தேசிய அணிக்காரர். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் இருவரும் மாறி மாறிப் பந்து போட்டுக்கொள்வதைத் தவறாமல் பாருங்கள். இறங்கப்போகிறவரைத் தயார் செய்வது இறங்காதவரின் வேலை. பந்தின் வேகம், உயரம் எல்லாம் அவர் கணக்கில். ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இருவர் அவ்வளவு மும்முரமாக ஒருவருக்கொருவர் உதவுவதை என் மகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அணியிலும் இரண்டு கீப்பர்கள் உண்டு.

மற்றவை சுருக்கமாக. டிக்கெட் விலை ஆண்கள் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, குடும்பமாகப் போகக் கையைக் கடிக்காது. கூட்டத்தில் பாதிக்குப் பாதி பெண்களும் பிள்ளைகளும்தான். கெட்ட வார்த்தை, தள்ளுமுள்ளு என்று பயப்பட வேண்டியதில்லை. சாப்பாடு மைதானச் சாப்பாடுதான். நாங்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பேருந்திலேயே முடித்துவிடுவோம். குளிரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திறந்த வெளியில் இருந்து காற்று நேராக வந்து அடிக்கும். கீப்பரின் கோல்கிக் அந்தக் காற்றில் எப்படித் திரும்பி விழுகிறது என்று பார்ப்பதும் பாடம்தான் என்றாலும், கையுறை, தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ் இல்லாமல் டிசம்பரில் போகாதீர்கள். பிள்ளையோடு முதல்முறை போகிறவர்களுக்கு செப்டம்பர் அல்லது ஏப்ரல் ஆட்டம்தான் என் சிபாரிசு.

பெரிய ஆட்டங்கள் சிலவற்றை ஓல்டு டிராஃபோர்டில் வைப்பார்கள். மான்செஸ்டர் சிட்டியோடு மோதும் உள்ளூர் டெர்பி ஆட்டம் என்றால் பெரும்பாலும் அங்கேதான். கூட்டம், ஆரவாரம் எல்லாம் நன்றாக இருக்கும், ஒருமுறை போய் வாருங்கள். கீப்பரைப் பார்க்க வேண்டுமென்றால் அது சரிப்படாது, குரல் கேட்காது, தூரமும் அதிகம். அட்டவணை வந்ததும் ஆட்டம் லீயில்தானா என்று பார்த்துக்கொண்டு, எதிரணி நிறையத் தாக்கி ஆடும் அணியாகத் தேர்ந்தெடுங்கள். ஆர்சனல், செல்சி வரும் நாள் டிக்கெட் சீக்கிரம் போய்விடும். ஆனால் அன்றைக்குத்தான் டலிஸ்-ஜாய்ஸுக்கு வேலை அதிகம்.